எழுபத்திரண்டு சதவீதம்

மார்ச் 4, செவ்வாய்

சமூக வலைத்தளங்களில் பரவும் பொய்களைப் பற்றிப் பத்து வருடங்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. அவை எந்தப் போக்கில் போகின்றன என்று நான் இன்னொரு கட்டுரை எழுத வேண்டும். அரைத்த மாவையே அரைப்பது. அதற்குத்தான் சம்பளம்.

இதுவரை கண்ட போக்கு: முதலில் 'வதந்தி' என்றார்கள். பிறகு 'போலிச் செய்தி'. அது பழசானதும் 'தகவல் திரிபு'. பெயர் வைக்கவே ஆளுக்கு மூன்று பக்கம். பாதிப் பேர் ஒரே தளத்தைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். பொய் அங்கே அதிகம் என்பதால் இல்லை. தரவு அங்கேதான் இலவசம். தொற்று வந்த வருடம் ஈசல் மாதிரிக் கட்டுரைகள். இப்போது எல்லோரும் கணினி செய்யும் போலிப் படங்களின் பின்னால் ஓடுகிறார்கள். ஒருத்தராவது பொய்யை அனுப்பின ஆளைப் பிடித்து, "ஏன்யா அனுப்பினே?" என்று கேட்டிருக்கிறார்களா? கடைசி வரி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்: "மேலும் ஆய்வுகள் தேவை."

மார்ச் 6, வியாழன்

எதைக் கொடுத்தாலும் வண்ண வட்டங்களாக வரைந்துவிடுவார் என்பதால் எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் வட்டம். இன்று கூப்பிட்டார். "முதல் வரி அந்த எழுபத்திரண்டா இருக்கட்டும்மா. நச்சுனு இருக்கும்."

பகிர்பவர்களில் எழுபத்திரண்டு சதவீதம் பேர் செய்தியைப் படிக்காமலே பகிர்கிறார்கள். இதைச் சொல்லாத கட்டுரை உண்டா? தேடினேன். இருநூற்றுப் பதினான்கில் இருக்கிறது.

என் பணி நீட்டிப்பு இந்த மாதக் கடைசியில் அவர் மேசைக்கு வருகிறது. முதல் வரி எழுபத்திரண்டுதான்.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வந்திருந்தார். எலுமிச்சைத் தோல் மூட்டுவலியை மூன்று நாளில் விரட்டும் என்று குடும்பக் குழுவில் போட்டவர் இவர்தான். சாப்பாட்டு மேசையில் எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணி, எழுபத்திரண்டு சதவீதம் பேர் படிக்காமலே அனுப்புறாங்களாம். ஆராய்ச்சியே சொல்லுது."

அவர் நீர்வழங்கல் அலுவலகத்தில் மீட்டர் எண் பார்த்து எழுதுபவர். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யாரு எண்ணுனது?"

"நிறைய பேர் எழுதியிருக்காங்க அண்ணி."

"எழுதுனது சரி. எண்ணுனது யாரு? நான் ஒரு வீட்டு மீட்டரைப் பாக்காம எழுதுனா மறுநாள் ஆபீஸ்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க."

என் கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். என் மூக்கு உடைந்ததுதான் மிச்சம். எலுமிச்சைத் தோல்காரி என்னிடம் சான்று கேட்கிறாள்!

மார்ச் 11, செவ்வாய்

சரி, காட்டுகிறேன் அந்த அம்மாளுக்கு. எழுபத்திரண்டை எண்ணியது யார் என்று பின்னோக்கிப் போகிறேன். போன வருடக் கட்டுரை அதற்கு முந்தையதைக் கை காட்டுகிறது. அது இன்னொன்றை. ஒருத்தர் 'சுமார்' சேர்த்திருக்கிறார். இன்னொருத்தர் 'குறைந்தது' ஆக்கிவிட்டார். மூலத்தைத் திறந்து பார்த்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. படிக்காமல் பகிர்கிறார்கள் என்பதைப் படிக்காமலே பகிர்ந்திருக்கிறார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

மார்ச் 13, வியாழன்

கிணறு வெட்டப் பூதம்.

எட்டு வருடங்களுக்கு முந்தைய ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் சங்கிலி முடிகிறது. எழுதியவர்கள் மூன்று பேர். முதல் பெயர் வட்டம். மூன்றாவது நான்.

மார்ச் 14, வெள்ளி

ஞாபகம் வந்துவிட்டது. அப்போது கணக்கெடுப்புத் தாள்கள் இன்னும் வந்து சேரவில்லை. அட்டவணை பக்கத்தில் அடங்குமா என்று பார்க்க வாய்க்கு வந்த எண்களை நிரப்பி, பிறகு மாற்ற வேண்டும் என்று கணினியில் மஞ்சள் நிறம் பூசி வைத்தேன். கடைசி நாள் அவசரத்தில் மஞ்சளை எடுத்தேன். எண்ணை மாற்றவில்லை. வட்டம் இல்லை, வேறு யாரும் இல்லை — நான். இத்தனை நாள் ஊரையே திட்டினேனே, என் முதுகை எவள் பார்ப்பாள்?

மார்ச் 17, திங்கள்

தாமதமாக வந்த அந்தத் தாள்களின் அட்டைப்பெட்டி துறைக் கிடங்கில் இன்னும் இருக்கிறது. மேலே மார்க்கரில் 'மொத்தம் 61'. உள்ளே படிக்காமல் பகிர்வோம் என்று குறித்த தாள்களைப் பிரித்து எண்ணினேன். பத்தொன்பது. முப்பத்தொரு சதவீதம்.

பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வட்டத்திடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இருநூறு பேர் சொல்றாங்க. இருநூறு பேரும் தப்பா இருப்பாங்களா?"

"சார், இருநூறு பேரும் நம்மளப் பார்த்துதான் சொல்றாங்க."

"நல்ல எண்ணும்மா அது. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? உன் நீட்டிப்பு வேற என் மேசைல கிடக்கு. யோசிச்சுக்கோ."

மார்ச் 21, வெள்ளி

யோசிக்கிறேன். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வேன்? மூடி வைத்தால் அடுத்த தடவை யாரைப் பார்த்துச் சிரிப்பேன்?

மார்ச் 24, திங்கள்

மீதித் தாள்களையும் எண்ணி அட்டவணையில் போட்டு, அந்தக் கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்குத் திருத்தக் கடிதத்தை அனுப்பிவிட்டேன். என் பெயரில் மட்டும்.

மார்ச் 31, திங்கள்

நீட்டிப்பு இல்லை. "நிதி நெருக்கடி" என்று கடிதம். இதையும் யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

திருத்தம் வெளியாகிவிட்டது. அரைப் பக்கம், ஒரு சின்ன அட்டவணை. குடும்பக் குழுவில் போட்டேன். எட்டுக் கட்டைவிரல், இரண்டு பூங்கொத்து. எட்டுப் பேரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் வந்த புதுக் கட்டுரைகள் மூன்றில் எழுபத்திரண்டு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 7, சனி

காலையில் நாத்தனார் போன்.

"நீ போட்டதை முழுசா படிச்சேன். ரெண்டு தடவை. பாதி புரியல."

"பரவாயில்ல அண்ணி."

"இரு. மேல மொத்தம் அறுபத்தொண்ணுன்னு எழுதியிருக்கே. கீழ கட்டத்துல படிச்சவங்க நாப்பத்தொண்ணு, படிக்காதவங்க பத்தொம்பது. கூட்டுனா அறுபதுதானே வருது? தாளை எண்ணுனியா, பெட்டி மேல பார்த்து எழுதுனியா?"

எனக்குச் சுருக்கென்றது. "எண்ணிட்டுச் சொல்றேன் அண்ணி" என்று போனை வைத்தேன். பெட்டியைக் கவிழ்த்துத் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளாக, வாய்விட்டு எண்ணினேன். இரண்டாம் முறையும் எண்ணினேன்.

அறுபது.

அண்ணிக்குச் சொல்லிவிட்டேன். பத்திரிகைக்கு இன்னொரு திருத்தம் எழுத உட்கார்கிறேன்.