பிரிக்காத மாத்திரை அட்டைகள்

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள் அப்பா. பிள்ளை இப்போதுதான் தூங்கினான். விடிந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு ஓட வேண்டும், நீங்கள் நாற்பது வருஷம் ஓடியதைப் போலவே.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் கழித்து, இன்று ஆபீஸில் உங்கள் மேசையையே எனக்குக் கொடுத்தார்கள். இறுகிக் கிடந்த கீழ் இழுப்பறையை இரண்டு கையாலும் இழுத்தேன். அந்துருண்டை வாசனையோடு உங்கள் கைக்குட்டை. அதற்குள் பிரஷர் மாத்திரை நான்கு அட்டை. ஒன்றில் மட்டும் மூன்று குழி காலி. மற்றவை பிரிக்கவே இல்லை.

அம்மா மாதாமாதம் வாங்கி உங்கள் சாப்பாட்டுப் பையில் வைத்தவை. சாயங்காலம் நீங்கள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பாள்.

"மாத்திரை போட்டீயளா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. உனக்கு வேற கேள்வியே கிடையாதா?"

மூன்றாவது தடவையும் அரசுத் தேர்வு முடிவில் என் எண் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? எம்.காம். முடித்து மில் ஆபீஸில் தினக்கூலிக்கு உட்கார்ந்திருந்தேன். வயிற்றில் இவன் ஐந்து மாதம். பத்தாவது முடித்ததும் எம்ப்ளாய்மென்ட் கார்டு வந்து வேலைக்குப் போன கதையை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க காலத்துல வேலை வீடு தேடி வந்துச்சு. இப்ப ரிட்டயர் வயசையும் கூட்டிக்கிட்டீங்க. நீங்கள்லாம் எந்திரிச்சாத்தானே நாங்க உக்கார முடியும்?"

"ஏட்டி, வாயை மூடு" என்றாள் அம்மா. நீங்கள் கோபப்படவில்லை. "இன்னும் எம்புட்டு நாள் தாயி? எந்திரிச்சிருதேன்" என்றீர்கள்.

இவனை மடியில் வாங்கிய மறுவாரம், ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில், ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சரிந்தீர்கள். பணியில் இருக்கும்போதே போனதால் வாரிசு வேலை எனக்கு வந்தது. ஓய்வு பெற்றிருந்தால் வந்திருக்காது. அந்த விதி உங்களுக்குத் தெரியாததில்லை. வாரிசு வேலைக் கோப்புகளை வருஷக்கணக்கில் பார்த்ததே நீங்கள்தான்.

பக்கத்து மேசை அண்ணன் இன்றும் சொன்னார்: "குடுத்து வச்சவ நீ. எங்கப்பாவும் இருக்காவளே, எண்பது வயசு. பென்ஷனை வாங்கி சுகர் மாத்திரை தவறாமப் போடுதாவ!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டைகள் என் மடியில் இருந்தன.

அம்மாவிடம் சொல்லவில்லை. இப்போது அவை என் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருக்கின்றன. நாளைக்கும் என்னோடு பஸ்ஸில் வரும். இந்தச் சம்பளத்தில்தான் இவனுக்குப் பால் வாங்குகிறேன். இந்த வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. என்றைக்காவது இவனும் என் நாற்காலியைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வேன்?

நீங்கள் மறதிக்காரர்தானே அப்பா. எத்தனை குடையை பஸ்ஸில் விட்டிருக்கிறீர்கள்! இதையும் மறந்துதானே போனீர்கள்? "மறந்துட்டேன் தாயி" என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள்.