கடைசி வரி வரை

என் மகராசிக்கு,

பேத்தி ராத்திரி தூங்கவிடுகிறாளா? பேனா புதுசு, எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுகிறது. பொறுத்துக்கொள்.

இங்கே எல்லாம் வழக்கம்போலத்தான். விடிந்ததும் இமைகள் ஒட்டிக்கொள்கின்றன. வெந்நீர்த் துணி வைத்துப் பிரித்தால் உறுத்தல், எரிச்சல், மறுபடி துணி. சிவந்த கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, வீட்ல சண்டையா?" என்கிறார்கள் கடையில். நீ ஊரில் இல்லை என்று சொன்னால் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள்.

முதல் டாக்டர் ஒவ்வாமை என்றார். அடுத்தவர் இமையில் எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருக்கிறது என்றார். நேற்று மூன்றாமவர், "என்னன்னு போகப்போகத் தெரியும். பார்வை பிரமாதமா இருக்கு, கவலைய விடுங்க" என்று முதுகில் தட்டினார். அதைத்தான் உன்னிடம் போனில் சொன்னேன். அப்போதிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவர் அறையில் மாட்டியிருந்தது நம் கண்ணாடிக் கடையில் இருக்கும் அதே எழுத்துப் பலகை. இருபத்திரண்டு வருடமாக அதைக் காட்டி ஊரையே படிக்கச் சொன்னவன் நான். அவர் "படிங்க" என்றதும் வாய் தானாக ஓடி, கடைசி வரி வரை ஒப்பித்துவிட்டது. கண்ணுக்குத் தெரிந்ததோ மூன்று வரிதான். கீழே எல்லாம் கலங்கல். முந்தைய இருவரிடமும் இதே கூத்துதான்.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன். நீயும் வா. நான் படிக்க ஆரம்பித்ததும், "இவர் பாக்கல டாக்டர், ஒப்பிக்கிறார்"னு சொல்லிவிடு. என் வாயால் அது வராது.

பேனா பழையதுதான்.

உன்
சோடாபுட்டி