ஹிரோசே வீட்டுச் சுவரும் ஏழு சென்டிமீட்டரும்

ஏப்ரல் 3

கட்டடக்காரர் வந்தார். புது வீட்டு வரைபடத்தை விரிக்கும் முன்பே அளவு நாடாவோடு சந்துக்குள் போய்விட்டார். எங்கள் வீடு பின்மனை. சாலைக்குப் போக எங்களுக்குச் சொந்தமான இந்த ஒரு சந்துதான். பத்திரத்தில் அகலம் இரண்டு மீட்டர். நாடாவில் ஒன்று தொண்ணூற்று மூன்று.

"ரெண்டு மீட்டர் இல்லேன்னா இடிச்சுக் கட்ட அனுமதி தர மாட்டாங்க சார்."

ஏழு சென்டிமீட்டர்! முன்வீட்டு ஹிரோசே அக்காவின் ஹாலோ பிளாக் சுவர் அவ்வளவு தூரம் எங்கள் பக்கம் ஏறி நிற்கிறது. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான், தினமும் இதன் வழியாக நடந்தும் கண்ணில் படவில்லை.

போன மாத நிலநடுக்கத்தில் மாடிப்படிச் சுவர் பிளந்ததிலிருந்து என் மனைவி சிஸுரு குளிக்கும்போதுகூடக் கதவைத் தாழிடுவதில்லை. இந்த வீட்டை இடித்துக் கட்டியே ஆக வேண்டும்.

ஏப்ரல் 8

நில அளவையாளர் இகராஷியை அமர்த்தினேன். எல்லை இதுதான் என்று ஹிரோசே அக்கா ஒப்புக்கொண்டு, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினால்தான் எல்லைத் தாள் செல்லும். இகராஷி அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டார்.

"முதல்ல ஒரு பலகாரப் பெட்டியோட நீங்க போய்ச் சொன்னீங்கதானே?" என்றாள் சிஸுரு.

"கடிதத்துல எல்லாம் விவரமா இருக்கு."

"என்னங்க இது, இருபது அடி தள்ளி இருக்கறவங்களுக்குத் தபாலா?"



ஏப்ரல் 19

எல்லை பார்க்கும் நாள். கருவியை நிறுத்திவிட்டு இகராஷி முக்கால் மணி நேரம் காத்திருந்தார். அக்கா வரவில்லை. உள்ளே தொலைக்காட்சி மட்டும் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 20

வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கை அட்டையை அக்கா எப்போதும் கையில்தான் கொடுப்பார். இன்று எங்கள் தபால் பெட்டியில் தலைகீழாகச் செருகியிருந்தது. சரி. எனக்கும் செருகத் தெரியும்.

ஏப்ரல் 27

பலகாரப் பெட்டியுடன் போனேன். கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்.

"தபால்ல அனுப்பியிருக்கலாமே குனி. எதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்த?"

கதவு மூடிக்கொண்டது. அறுபத்து மூணு வயசுல எனக்கு இது தேவையா? பெட்டியில் இருந்த எட்டையும் நானே தின்றேன்.

மே 9

சந்தில் அளந்துகொண்டிருந்த இகராஷி தரைக்கடியில் ஒரு தண்ணீர்க் குழாய் போவதைக் கண்டுபிடித்தார். அக்கா வீட்டுக் குழாய், எங்கள் நிலத்தில். "இதுக்கு எழுத்துல ஒண்ணும் இல்ல சார்" என்றார். சரியான பிடி கிடைத்தது!

அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க குழாய் என் இடத்துல போகுது. நாளைக்கே வெட்டச் சொல்றேன், பாருங்க!"

துண்டை உதறினார், கொடியில் போட்டார், கவ்வி மாட்டினார், உள்ளே போய்விட்டார். 

ஏன் அப்படிச் சொன்னேன்? எழுபத்தொன்பது வயசு, ஒண்டியா இருக்கற மனுஷி — அவங்ககிட்டப் போய்த் தண்ணிய வெட்டுவேன்னு — சே, நான்லாம் ஒரு ஆளா?

மே 10

சட்டப்படி அந்தக் குழாயை வெட்டவே முடியாதாம், இகராஷி இன்றுதான் சொல்கிறார். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. நேற்று நான் கத்தியது சிஸுருவுக்கும் கேட்டிருக்கிறது. சோறும் மிசோ சூப்பும் வைத்தாள், மீன் வைக்கவில்லை.

மே 11

வெறுங்கையோடு போனேன். வாசலில் நின்று தலையைத் தாழ்த்தினேன்.

"தண்ணியப் பத்திச் சொன்னது தப்பு அக்கா. சுவர் எக்கேடும் கெடட்டும். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

என் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு, "செருப்பைக் கழட்டு" என்றார்.

தேநீர் ஊற்றிக்கொண்டே கேட்டார்: "அந்தச் சுவரை யாரு கட்டினதுன்னு தெரியுமா?"

"உங்க வீட்டுக்காரர்தானே?"

"உங்கப்பா."

நான் வேலைப் பயிற்சிக்காக டோக்கியோவில் இருந்த வருடம் அது. அப்பா அரிசி ஏற்றிவந்த சின்ன லாரியைப் பின்னால் எடுத்து அவர்களுடைய பழைய சுவரைச் சாய்த்துவிட்டாராம். வெட்கத்தில் கொத்தனாரைக்கூடக் கூப்பிடாமல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டிக் கொடுத்தாராம். அக்காவின் கமேலியா பூமரத்து வேரை வெட்ட மனம் வராமல் சுவரை எங்கள் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார்.

"'எங்க இடந்தானே, போகட்டும்'னு சிரிச்சார். அடைச்சுக் கிடந்த எங்க குழாயையும் சந்து வழியா அவரேதான் பள்ளம் தோண்டிப் போட்டுக் கொடுத்தார்."

"கமேலியா?"

"அடுத்த கோடையிலயே பட்டுப்போச்சு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"நீ கேட்டியா? கேட்டது தபால்காரன். அவன்கிட்டப் போய் உங்கப்பா கதையச் சொல்லவா?"

அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு வரும்போது சுவரைத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு நேராகக் கட்டியிருக்கிறார். அழுகை வந்தது.

மே 24

சுவரடியில் தோண்டினோம். பழைய அடித்தளமும் எல்லைக்கல்லும் அக்கா பக்கம் சரியாக ஏழு சென்டிமீட்டர் உள்ளே இருந்தன. அக்கா முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். பதிலுக்கு நானும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன்: அவர் வீடு இருக்கும்வரை குழாய் அங்கேயே இருக்கலாம், எங்கள் மனையை நாளைக்கு யார் வாங்கினாலும். என் முத்திரை சாய்ந்து விழுந்தது. "இன்னொரு தடவை குத்து" என்றார்.

ஜூன் 15

சுவரை இடித்தாயிற்று. எல்லையில் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்றேன்.

"எனக்கு வேணாம்பா. உனக்கு வேணும்னா உன் இடத்துல கட்டிக்க."

எனக்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் 6

அனுமதி வந்தது. அக்டோபரில் பழைய வீட்டை இடிக்கிறார்கள்.

செப்டம்பர் 2

காலை பத்தேகாலுக்கு நிலம் ஆடியது. வீடு முனகியது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சிஸுருவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி, பழக்கத்தில் சந்துப் பக்கம் திரும்பினேன்.

"அங்க போகாத குனி! இப்படி வா, இப்படி!"

அக்கா தன் தோட்டத்தின் நடுவில் நின்றார், கையில் பாதி தோல் சீவிய முள்ளங்கி. அவரிடம் ஓடினோம். மூவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டோம். எங்கள் கூரை ஓடுகள் மொத்தமாகச் சரிந்து சந்துக்குள் விழுந்தன.

அடங்கிய பிறகும் சிஸுரு அக்காவின் கையை விடவில்லை. சுவர் இருந்திருந்தால் அந்தச் சந்து ஒன்றுதான் எங்களுக்கு வழி.

முக்கால் மணி நேரம் எல்லை தாண்டி அக்காவின் இடத்தில் நின்றிருக்கிறோம். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.