உரிமையாளர் பெயர் என்ற கட்டம்

என் அருமை அப்பாவுக்கு,

நம் ஜனக்புரி வீட்டின் சொத்து வரிப் படிவத்தை இந்த வருஷம் நான் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. நேற்றுதான் அபராதத்தோடு கொடுத்தேன். வேறு யார் வாயாலாவது இது உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஜூன் பிறந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பவர் நீங்கள். லோதி ரோடு ஆபீசில் மற்றவர்களின் தாமதத்துக்கு மெமோ எழுதியே ஓய்வு பெற்றவராயிற்றே. வரி ரசீதில் இரண்டு ஜெராக்ஸ் எடுப்பீர்கள். ஒன்று பீரோவுக்கு, இன்னொன்று தலையணைக்கு அடியிலா என்று நான் கேலி செய்வேன். உங்கள் பெயருக்கு எதிரே அபராதம் என்ற சொல் வந்ததேயில்லை. நான் வரவைத்துவிட்டேன்.

மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். வீட்டை எனக்கு உயில் எழுதிவிட்டுப் போனீர்கள். வரிப் படிவத்தோடு பெயர் மாற்றத்துக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் வரி ஆபீசில். அதில் 'உரிமையாளர் பெயர்' என்று ஒரு கட்டம். உங்களை எடுத்துவிட்டு அங்கே என்னை எழுத வேண்டும். பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். மாதங்கள் அப்படியே போயின. உயில் எழுதும்போது இதை யோசித்தீர்களா அப்பா?

வரி கட்டவில்லை என்று உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வந்த அன்று அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, இப்பிடி ஒரு காயிதம் ஒங்கப்பா பேருக்கு வரலாமா? நாளைக்கே போயி முடிச்சிட்டு வா" என்றாள்.

போனேன். எப்போதும் போல 'சி. மாலதி' என்று எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளினார். "'சி' மத்லப்? பூரா நாம் லிக்கியே, மேடம்." சி என்றால் என்ன, முழுப் பெயரை எழுதுங்கள் என்கிறார். அது என் அப்பாவின் பெயர் என்று இந்தியில் சொன்னேன். அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். பழைய உரிமையாளர், சிதம்பரம். புதிய உரிமையாளர், மாலதி சிதம்பரம்.

எதை எடுக்கப் பயந்து இத்தனை மாதம் தள்ளிப்போட்டேனோ, அது ஒற்றை எழுத்தாக என் பெயருக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அந்த வரிசையில் நின்றபடியே அழுதுவிட்டேன். அபராதத்துக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "கோயி பாத் நஹி, மேடம்," பரவாயில்லை, எல்லாருக்கும் லேட் ஆகும் என்கிற மாதிரி ஏதோ ஆறுதல் சொன்னார்.

அபராத ரசீதையும் உங்கள் ஃபைலிலேயே வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் இரண்டு எடுத்தாயிற்று. திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்.

வரும் ஜூனில் முதல் ஆளாக நான் நிற்பேன். கவுன்டரில் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான்தான் என்று கையைத் தூக்குவேன்.

உங்கள் மகள்,
மாலதி சிதம்பரம்