அண்ணன் வருகிற வரி

திருப்பூர்
16-2-1969

அன்புள்ள மகன் லிங்கசாமிக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்குவது முறை. உன் தங்கை அமராவதி காமாலையில் போன துக்கம் ஆறாத வீட்டிலிருந்து அப்படி எழுதக் கை வரவில்லை, ஆகையால் எங்கள் பங்கையும் சேர்த்து நீயாவது அந்த ஜெர்மனிக் குளிரில் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்தது. நீ குடியிருக்கும் வீட்டு அம்மாளின் புருசன் இறந்து, சர்ச்சில் எல்லாரும் புத்தகத்தைப் பிரித்து எழுந்து நின்று ஒரே குரலில் பாடினார்கள், பாட்டு புரியாமலே நீ தங்கச்சியை நினைத்து அழுதாய், அங்கே அழுதது நீ ஒருவன்தான் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏனுங்க, அந்தூர்ல செத்தவங்க எல்லாத்துக்கும் ஒரே பாட்டுங்களா, அப்புறம் போனது இன்னாருன்னு சாமிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். புத்தகத்தைப் பார்த்துப் பாடினால் சாமி நம்பிவிடும் போலிருக்கிறது என்றேன், சிரிக்கவில்லை. அவள் சந்தேகம் நியாயம்தான். நம் ஒப்பாரியில் செத்தவர் எந்தச் சம்பந்தியோடு பேசாமல் இருந்தார் என்பது வரை வந்துவிடும். பனியன் கம்பெனி மேஸ்திரி இறந்தபோது அவர் மெஷினைத் திட்டுகிற வார்த்தையைக்கூட உன் அம்மா ராகத்தில் சேர்த்துவிட்டாள், அவர் சம்சாரமே அழுகைக்கு நடுவில் சிரித்தது.

கொமரலிங்கத்தில் அமராவதியின் மாமியார் வீட்டில் அன்று நடந்ததை உனக்கு இதுவரை எழுதவில்லை. மகளுக்குப் பெற்றவள்தான் முதலில் பாட்டு எடுக்க வேண்டும், பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். உன் அம்மா அமராவதியின் காலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தாள். நேரமாகிறது என்று, எங்களோடு பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டு வேலாத்தாள் எடுத்தாள். தங்கத் தொட்டில் வந்தது, யானை வந்தது, அடுக்கு மாளிகை வந்தது. ஓட்டு வீட்டில் பனியனுக்குப் பிசிறு வெட்டி வளர்ந்த பெண்ணுக்கு இவ்வளவும் எப்போது வாங்கிக் கொடுத்தோம் என்று எனக்கே தெரியவில்லை. ஒப்பாரிக்கு யாரும் அத்தாட்சி கேட்பதில்லை, உன் அம்மாவும் கேட்கவில்லை. பிறகு பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை, உனக்குப் பதிலாகப் பெரியப்பா மகன் ஆத்தப்பன் கொண்டுவந்து போர்த்தினான். வேலாத்தாள் பழக்கத்தில், கூடப் பிறந்த அண்ணன் கோடியோடு ஓடி வந்தான் என்று பாடிவிட்டாள். அந்த இடத்தில் அண்ணன் வருவதுதான் பாட்டின் வழக்கம், அவள் மேல் தப்பில்லை. உன் அம்மா எழுந்து, நிறுத்துங்கக்கா, எம்பையன் வர்லீங்க, புள்ள கடைசி வரைக்கும் வாசலப் பாத்துட்டே போயிருக்குது, அது காதுல பொய் சொல்லாதீங்க என்றாள். பறைக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பாட்டில்லாமலே அமராவதியை எடுத்தோம். தந்தி உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் முடிந்திருந்தது, உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

அதற்கப்புறம் உன் அம்மா அழவில்லை. சாமளாபுரத்தில் சொந்த அத்தை இறந்ததற்கும் போகவில்லை, கூப்பிட வந்தவர்களைத் தலைவலி என்று அனுப்பிவிட்டாள். என்னோடு சண்டை போடுவதுகூட நின்றுவிட்டது, வீட்டில் இவ்வளவு அமைதி இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த மறுநாள் காலை அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் மெதுவாக ராகம் இழுத்தாள். வெளியே நின்று கேட்டேன். அமராவதியே பேசுவதுபோல் பாடினாள். அண்ணன வையாதம்மா, கடலுக்கு அந்தாண்ட இருக்குது, ஆரோ பாடற பாட்டுல நின்னு எனக்காக அழுதுச்சு, அது எனக்குக் கேட்டுதம்மா என்று பாடினாள். பிறகு முறத்தைப் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். வேலாத்தாள் சத்தம் கேட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் பாட்டு எடுத்தாள். நான் உள்ளே போகவில்லை.

அந்த வீட்டு அம்மாளிடம் எங்கள் வருத்தத்தைச் சொல். பனியன் ஊர்ப் பையன் சளி பிடித்துக் கிடந்தான் என்ற பேர் வேண்டாம், உள்ளே பனியனை இரண்டாகப் போட்டுக்கொள். முருகன் உனக்குத் துணை இருக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அங்கே உன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இருக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவுக்காக நீ வர வேண்டியதில்லை, அண்ணன் வருகிற அந்த வரியை அவள் மாற்றிப் பாடிக்கொண்டாள். எனக்குப் பாட வராது.

இப்படிக்கு
உன் அப்பா
தண்டாயுதபாணி