நாற்காலிக்கு எதிர்ப்பக்கம்

புளியங்காட்டுப்பட்டி,
2.8.2023

என் ஈஸ்வரிக்கு,

நான் நலமாக இல்லை. நீ கோபமாக இருப்பாய் என்பது தெரியும், அதனால் விசாரிக்கவில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, எழுதி கிளார்க் ஆண்டியப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் சிரிக்கிற சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். கீரனூரில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி நம்மூருக்கே வந்து, நம் வாசலைத் தாண்டிப் போய் ஊராட்சி ஆபீசில் தலைவராக உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போகிற பெண்ணை எங்கே பார்த்தேன்? "என்ன சிவசாமி, தலைவரம்மா இங்கிட்டுத்தான் போனாங்க, பாக்கலையா?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள்.

நான் என்ன கொலையா செய்தேன்? நீ இல்லாதபோது உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேலத்தெருவுக்கு சிமெண்ட் ரோடு என்று அந்தத் தெரு முத்துராஜுக்கு வாக்குக் கொடுத்தேன். அவன் சால்வை போட்டான், வாங்கிக்கொண்டேன். இதற்கா இரண்டு வாரம்?

நேற்று ரசம் வைத்தேன். மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

உன்
சிவசாமி


கீரனூர்,
4.8.2023

என் வீட்டுக்காரருக்கு ஈஸ்வரி எழுதுவது:

போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" கொட்டுவேன். கடிதத்தில் நடுவில் புக முடியாது பாருங்கள், அதனால்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் என்றால் "எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இந்த வருட நிதியில் கீழத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் என்று ஊருக்கே சொல்லிவைத்திருந்தேன். யூனியன் ஆபீசிலிருந்து வெயிலில் வந்து நின்றால், அதை ரோட்டுக்குத் தாரை வார்த்துவிட்டீர்கள். "அது குழாய்க்குல்ல?" என்றேன். முத்துராஜ் என்ன சொன்னார்? "அதான் தலைவர் சொல்லிட்டாருல்ல, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்கக்கா." நீங்கள் சால்வையை மடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் அதையும் பேசுவார்கள் என்று பஸ் ஏறினேன்.

சர்க்கரை மாத்திரை அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. கோபம் வேறு, மாத்திரை வேறு.

ஈஸ்வரி


புளியங்காட்டுப்பட்டி,
7.8.2023

அன்பு ஈஸ்வரி,

மாத்திரை போட்டாயிற்று. பயிற்சியில் உனக்குக் கொடுத்த அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன், என் பக்கம் ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். முகவுரையில் நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் இருக்கிறது. சகோதரனுக்குக்கூட இருக்கிறது, புருஷனுக்கு ஒன்றையும் காணோமே!

எழுபத்து மூன்றாவது திருத்தத்தையும் பார்த்தேன். தலைவர் பதவியில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்று அதில்தான் வந்ததாம். நம் மாநிலத்தில் பாதியாகவே ஆக்கிவிட்டார்கள். ரொம்ப வருடமாக நான் ஆசைப்பட்ட இடம் ஈஸ்வரி அது. பெண்களுக்கு என்று ஆனதும் உன்னை நிறுத்தினேன். "ஒங்களுக்குத்தாங்க ஓட்டு" என்று என்னிடம்தான் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

போகட்டும். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக்கு ஜோடியாகப் போவோம், முதல் நாளே வந்துவிடு. வழக்கம்போல உன் பின்னால் நின்று என்ன பேச வேண்டும் என்று எடுத்துக் கொடுக்கிறேன்.

சிவசாமி


கீரனூர்,
10.8.2023

எடுத்துக் கொடுக்கிறவருக்கு,

இவ்வளவு படித்தும் கடைசியில் அங்கேதானா வந்து நின்றீர்கள்!

பின்னால் வருகிறவர்கள் மாற்ற வேண்டியிருக்கும் என்று வழி வைத்துத்தான் அந்தச் சட்டத்தை எழுதியிருக்கிறார்கள். இதுவரை நூறு தடவைக்கு மேல் திருத்தியாகிவிட்டது. நாட்டையே அத்தனை தடவை திருத்தினார்கள், உங்களை ஒரு தடவை திருத்த நான் படுகிற பாடு! ஆனால் எத்தனை திருத்தினாலும் அடிப்படையில் கைவைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டதாம். நம் வீட்டிலும் அப்படித்தான். யார் மாடு கறப்பது, யார் சமைப்பது, எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஜனங்கள் ஓட்டுப் போட்டது யாருக்கோ அவர்தான் தலைவர், அதில் மட்டும் கைவைக்க விடமாட்டேன்.

அன்றைக்கு என் பின்னால் நிற்க வேண்டாம். எல்லோரோடும் ஜமுக்காளத்தில் உட்காருங்கள். ரோடு வேண்டுமென்றால் எழுந்து கேளுங்கள். யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டு நீங்கள் "ஆங்" என்று போனீர்களோ, நான் கீரனூரிலேயே இருந்துவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்வரி


புளியங்காட்டுப்பட்டி,
12.8.2023

மாண்புமிகு தலைவர் அவர்களுக்கு,

உட்காருகிறேன். ஆனால் குழாயை எதிர்த்துத்தான் பேசப் போகிறேன், சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் மேலத்தெருவில் டிராக்டரே புதைந்து நிற்கிறது. சால்வைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ரோடு வேண்டும். ஆள் திரட்டிக்கொண்டிருக்கிறேன். தோற்றால் அழக் கூடாது.

சிவசாமி, வாக்காளர்


ஊராட்சி அலுவலகம்,
15.8.2023, மாலை

என் எதிர்க்கட்சிக்காரருக்கு,

எல்லோரும் கலைந்துவிட்டார்கள். நீங்கள் முத்துராஜோடு வேப்பமரத்தடியில் நிற்பது ஜன்னல் வழியே தெரிகிறது. நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். ஆண்டியப்பனுக்கு இன்னொரு நடை.

பார்வையிட வந்த ஆபீசர் உங்களைப் பார்த்து, "தலைவரே, ஏன் கீழ உக்காந்திருக்கீங்க? மேல வாங்க" என்றார். நீங்கள் எழுந்தீர்கள். போச்சுடா என்று நினைத்தேன். "தலைவர் அந்தா இருக்காங்க சார். நான் அவங்கள எதுத்துப் பேச வந்திருக்கேன்" என்றீர்களே! சபையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மனசு நிறைந்துவிட்டது.

நன்றாகவும் பேசினீர்கள். டிராக்டர் கதையில் நானே கொஞ்சம் அசைந்துவிட்டேன். ஆனால் கீழத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் குழாய்க்குக் கை தூக்கிவிட்டார்கள். முத்துராஜ்கூட அவர் பெண்டாட்டி முறைத்ததும் உங்கள் பக்கம் தூக்கிய கையைப் பாதியில் இறக்கிவிட்டார், பார்த்தீர்களா?

தீர்மானத்தின் கீழே "திரு. சிவசாமி எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று எழுதச் சொன்னேன். "வீட்டுக்காரர் பேராச்சே, விட்ருவோமாம்மா?" என்றார் ஆண்டியப்பன். கூடாது என்றேன். மூன்றரை வருடமாக என் நாற்காலியில் அத்தனை நேரம் உட்கார்ந்தீர்கள், இந்த ஊராட்சிப் பதிவில் ஓரிடத்திலும் உங்கள் பெயர் இல்லை. இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறது, நீங்கள் உங்களுக்காகப் பேசிய பேச்சுக்காக.

நம்பிக்கையோ என்னவோ, அம்மா வீட்டிலிருந்து என் துணிமணிப் பையோடுதான் வந்திருக்கிறேன். ரோட்டை விட்டுவிடாதீர்கள். அடுத்த சபையில் மறுபடி எழுந்து கேளுங்கள், நானும் விடாமல் பதில் சொல்கிறேன். ஆபீசைப் பூட்டிவிட்டு வருகிறேன், அங்கேயே நில்லுங்கள். வீட்டுக்குப் போவோம்.

உங்கள்
ஈஸ்வரி