லிண்டனைப் பாகம் பிரித்த கதை

பிப்ரவரி 3, செவ்வாய். ஆம்பூர்

லிண்டன் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய பதிப்பை ஜூனோடு கைவிடுவதாக அதை நடத்துகிறவர்கள் அறிவித்துவிட்டார்கள். நம் மண்டியில் தோலை அளக்கும் மெஷின்கள் அதில்தான் ஓடுகின்றன. புதுப் பதிப்பு பழைய மெஷின்களுக்கு ஒத்துவராது; பழையதில் கோளாறு வந்தால் சரிசெய்ய ஆள் இருக்காது, மெஷின் நின்றுவிடும். சொன்னது பூங்குழலி — மாதனூர்ப் பெண், நம் ப்ரோக்ராம் எல்லாம் அவள் எழுதியது.

“யார்கிட்ட வாங்கினோமோ அவன்கிட்ட பேசும்மா.”

“வாங்கல பாய். அது எல்லாருக்கும் சும்மா குடுக்கறது.”

இத்தனை வருஷம் இனாமில் தொழில் நடத்தியிருக்கிறேன், எனக்கே தெரியாமல். தெரிந்திருந்தால் அன்றே தூக்கம் போயிருக்கும்.

பிப்ரவரி 5

பிடிக்காதவர்கள் மொழியை அப்படியே நகலெடுத்து வேறு பெயரில் நடத்தலாமாம். ஃபோர்க் என்கிறார்கள். கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை. என் மாமாக்கள் டேனரியைப் பிரிக்கப் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

“அப்ப பிரிச்சிடு.”

“பிரிக்கறது ஒரு நிமிஷம் பாய். அப்புறம் தினம் யாராவது பாத்துக்கணும். இப்ப அதுக்குத் தயாரா இருக்கறது ஃபின்லாந்துல ஒருத்தரும் நானும்தான். வெள்ளிக்கிழமை லீவுல மட்டும் செஞ்சா பத்தாது.”

சம்பளம் நான் கொடுக்க, வேலை ஊருக்கா? கேட்டேவிட்டேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 8

மொழியை நடத்துகிறவர்களுக்கு நானே நேராக எழுதிப் போட்டேன். ‘நிறுத்தாதீர்கள், பத்து லட்சம் தருகிறேன், மேற்கொண்டு பேசலாம்.’ தோல் வியாபாரத்தில் ரேட் இரண்டு பேர் காதைத் தாண்டாது. இதுவும் அப்படித்தானே?

பிப்ரவரி 9

அப்படி இல்லையாம். நான் எழுதிய இடம் உலகமே படிக்கும் பலகையாம். கீழே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். ‘விற்பனைக்கு இல்லை, நன்றி’ என்று ஒரு பதில்.

மனைவி தில்ஷாத்துக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். “ஃப்ரிட்ஜ் மாத்த ஒரு வருஷமா யோசிக்கிறீங்க. பாஷைக்குப் பத்து லட்சமா?”

சாயங்காலம் லியாகத் அலி போன். எதிர் மண்டிக்காரன், பேச்சுவார்த்தை விட்டு வெகுநாளாகிறது.

“இன்னா ஷபீ பாய், மொழியையே வாங்கப் போறியாமே?”

“உனக்கு யாருப்பா சொன்னது?”

“என் மெஷினும் அதுலதான் ஓடுது. எங்க ஆபீஸே படிச்சிட்டு சிரிக்குது.”

முதலில் பேஜாராகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது — ஜூனுக்குப் பிறகு அவன் மெஷினைப் பார்க்கவும் ஆள் இருக்காதே.

பிப்ரவரி 12

லியாகத்தை நானே கூப்பிட்டேன்; பூங்குழலியோடு மூன்று பேரும் உட்கார்ந்தோம். பூங்குழலி முதலிலேயே சொல்லிவிட்டாள்: “காசு குடுக்கறதால அதை சேத்துடு, இதை எடுத்துடுன்னு ஆர்டர் போடக் கூடாது.”

“காசும் குடுத்து வாயும் மூடணுமா? இன்னா வியாபாரம் இது?” என்றான் லியாகத்.

“மெஷின் நிக்காத வியாபாரம்” என்றேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பேசி முடிந்தது. பூங்குழலி வாரத்தில் மூன்று நாள் பிரிந்த மொழிக்கு, மூன்று நாள் என் மண்டிக்கு. மொழிக்கான மூன்று நாள் சம்பளம் பாதி நான், பாதி லியாகத். மொழியில் என்ன செய்வது என்பது அவள் இஷ்டம். பழைய மெஷின்களை விடுவதானால் மட்டும் இரண்டு வருஷம் முன்னால் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை யாரும் அவளுக்கு போன் செய்யக் கூடாது. கடைசி ஷரத்து அவள் சேர்த்தது.